படத்தை மறைத்துப் படிக்கவும்

இடவலத்தின் அலுவலகக் கணினித் திரையில் எப்போதும் ஓர் உள்ளங்கைத் தடம் இருக்கும். காலையில் மேசை துடைக்க வரும் பணியாளர் அம்மா அதைப் பார்த்துவிட்டு, "யாரும்மா இது, தினமும் கண்ணாடியைக் கன்னம் மாதிரி தடவிக் குடுக்கிறது?" என்று முணுமுணுத்துக்கொண்டே அழுத்தித் தேய்ப்பார். சாயங்காலத்துக்குள் தடம் திரும்ப வந்துவிடும்.

அவள் ஒரு நாளிதழில் படக்குறிப்பு எழுதுகிறவள். உலகச் செய்திப் பக்கத்திலும் அரசியல் பக்கத்திலும் படங்களுக்கு அடியில் பொடி எழுத்தில் இரண்டு வரி இருக்குமே, யாரும் படிப்பதில்லை என்று எல்லோரும் நினைத்துக்கொண்டு எல்லோருமே படிக்கிற இரண்டு வரி, அது அவள் வேலை. "இடமிருந்து வலம்" என்று தொடங்கித் தொடங்கி, அலுவலகத்தில் அவள் சொந்தப் பெயர் தேய்ந்துபோய் இடவலம் என்பதே நிலைத்துவிட்டது. அவளுக்கும் அதில் மனத்தாங்கல் இல்லை. பெற்றவர்கள் வைத்த பெயரைவிட இது வேலை செய்து சம்பாதித்த பெயர் என்பாள்.

"படம் ஊமைங்க. பக்கத்துல நிக்கிறவன் என்ன சொல்றானோ, அதைத்தான் அது சொன்னதா ஊர் நம்பும்." புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் அவள் சொல்கிற முதல் வார்த்தை இது. ஒரு தலைவர் வாயைத் திறந்தபடி நிற்கிறார். தேசிய கீதம் பாடுகிறாரா, பக்கத்து நாட்டை மிரட்டுகிறாரா, கொட்டாவி விடுகிறாரா? வாய் மூன்றுக்கும் ஒன்றுதான். எது என்று சொல்கிறவள் இடவலம். அதனால் குறிப்பை எழுதி முடித்ததும் திரையில் தெரிகிற படத்தின் மேல் உள்ளங்கையை வைத்து மறைத்துவிட்டு, வெறும் இரண்டு வரியை மட்டும் அந்நியர் மாதிரி ஒரு தடவை படிப்பாள். படம் கண்ணெதிரே இருந்தால் கண் படத்தை நம்பிச் சொல்லை மன்னித்துவிடும் என்பது அவள் கட்சி. ஒரு தடவை வேறொருவர், "வெள்ளத்தில் மிதந்தபடி மக்களுக்கு ஆறுதல் கூறிய அமைச்சர்" என்று எழுதியிருந்தார். படத்தில் அமைச்சர் படகில் குடை பிடித்துச் சௌகரியமாகத்தான் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையை வைத்துப் படகை மறைத்ததும் மனிதர் மல்லாந்து மிதக்க ஆரம்பித்துவிட்டார். அன்றைக்கு அவரைக் கரையேற்றியது இடவலத்தின் கைதான்.

அவளுடைய வீட்டுக்காரருக்கும் அதே அலுவலகத்தில்தான் வேலை. புகைப்படக்காரர். அவருடைய பட்டப்பெயர் ஏழாம்பக்கம். பள்ளிப் பரிசளிப்பு, உடைந்த குழாய், புதிதாகத் திறந்த பேருந்து நிழற்குடை எல்லாம் அச்சாகிற பக்கம் அது. அவர் எடுத்த படங்கள் அத்தனையும் அங்கேதான் குடித்தனம் நடத்திவந்தன. நல்ல கண் உள்ள மனிதர். ஆனால் நாலு பேர் முண்டியடிக்கிற இடத்தில், "நீங்க எடுங்க, நான் அப்புறம் எடுத்துக்கறேன்" என்று ஒதுங்கி நிற்கிற ஆசாமி. அரசியல் படம் எடுக்கப் போகிறவனுக்குக் கேமராவைவிட முழங்கை முக்கியம். அது அவருக்கு வாய்க்கவில்லை.

முதல் பக்கத்தில் தன் படம் வரவேண்டும் என்று அவர் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. ஆனால் காலையில் பத்திரிகையை எடுத்ததும் முதல் பக்கப் படத்தின் மூலையில் பொடியாகப் போட்டிருக்கும் புகைப்படக்காரர் பெயரைத்தான் முதலில் பார்ப்பார். பார்த்துவிட்டு, "நல்லா எடுத்திருக்கான்" என்பார். அந்த "நல்லா" அவள் காதில் எத்தனையோ வருஷமாக உறுத்திக்கொண்டிருந்தது.

அண்டை நாட்டோடு நதிநீர்த் தகராறு அவளுக்குக் கல்யாணம் ஆவதற்கு முன்பிருந்தே நடந்துவந்தது. அந்த நதியைப் பற்றி அவள் எழுதிய குறிப்புகளில் பாதிக்கு மேல் "வெளிநடப்பு செய்த" என்றுதான் முடியும். அப்படிப்பட்ட தகராறு ஒருவழியாகப் படிந்து, இரு நாட்டுத் தலைவர்களும் எல்லையோர ஊரில் கூடி ஒப்பந்தம் போடுவதாக முடிவானது. அந்த நேரம் பார்த்து மூத்த புகைப்படக்காரருக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. வேறு ஆள் கையில் இல்லாமல் ஏழாம்பக்கத்தை அனுப்பினார்கள். அவர் புது ஷூ போட்டுக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலம் அவர் போன் செய்தபோது குரலே இல்லை.

"கோட்டை விட்டுட்டேன்."

"எதை?"

"கை குலுக்கினதை. எனக்கு முன்னாடி ஒரு டிவிக்காரன். ஏணிக்குச் சட்டை மாட்டின மாதிரி. அவன் முதுகைத்தான் நல்லா எடுத்திருக்கேன்."

"வேற ஒண்ணும் எடுக்கலையா?"

"வெளியில வந்து ஆத்தங்கரையில மரம் நட்டாங்க. அதை எல்லாரும் எடுத்தாங்க. அப்புறம் எல்லாரும் பஸ்ல ஏறிட்டாங்க. என் ஷூ சேத்துல மாட்டிக்கிச்சு. அதைப் பிடுங்கிட்டு உக்காந்திருந்தப்ப சும்மா நாலு எடுத்தேன்."

"அந்தச் சும்மா எடுத்ததை அனுப்புங்க."

படங்கள் வந்தன. இடவலம் இரண்டாவது படத்தைத் திறந்தாள். திறந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

இரண்டு தலைவர்களும் கோட்டைக் கழற்றியிருந்தார்கள். சட்டைக் கை முழங்கை வரை ஏறியிருந்தது. இருவர் கையிலும் மணிக்கட்டு வரை சேறு. நம் நாட்டுத் தலைவர் தோட்டக்காரரின் பூவாளியை வாங்கிக் குனிந்து ஊற்றுகிறார். அண்டை நாட்டுத் தலைவர் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, ஏதோ கேட்ட வேடிக்கைக்குத் தலையைச் சாய்த்துச் சிரிக்கிறார். பின்னால் ஒரு மெய்க்காவலர் இரண்டு நாட்டுக் கோட்டையும் தோளுக்கு ஒன்றாகப் போட்டுக்கொண்டு, இதற்கெல்லாம் தனக்குப் பயிற்சி கொடுக்கவில்லையே என்கிற முகத்தோடு நிற்கிறார். அடுத்த படத்தில் பூவாளி கை மாறியிருந்தது. ஒரு நதித் தண்ணீருக்காக இத்தனை வருஷம் முறைத்துக்கொண்டு திரிந்தவர்கள் ஒருவருக்கொருவர் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள்.

அவளுக்குப் பெருமை பிடிபடவில்லை. எழுந்துபோய் ஆசிரியரைக் கையைப் பிடிக்காத குறையாக இழுத்துவந்தாள்.

ஆசிரியர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "கை குலுக்கின படம் நாளைக்கு எல்லாப் பேப்பர்லயும் வரும். இது நம்மகிட்ட மட்டும்தான் இருக்கு. யாரு, நம்ம ஏழாம்பக்கமா? முதல் பக்கம். மேல. பெருசா."

பக்கம் வடிவமைக்கிறவருக்குக் கத்தரி என்று பெயர். கடவுளே படம் எடுத்துக் கொடுத்தாலும் நாலு பக்கமும் நறுக்காமல் விடமாட்டார். அவரே, "இதுல வெட்டறதுக்கு ஒண்ணுமில்ல" என்று கையைக் கட்டிக்கொண்டார்.

இனி குறிப்பு. இடவலம் எழுதினாள்: "நதிநீர் ஒப்பந்தம் முடிந்த கையோடு கை கழுவிய இரு நாட்டுத் தலைவர்கள்."

கையோடு கை. அவளுக்கே சிரிப்பு வந்தது. எத்தனை நாளைக்குப் பிறகு ஒரு வரி இப்படித் தானாக வந்து விழுந்திருக்கிறது. வழக்கம்போல் உள்ளங்கையைத் தூக்கினாள். தூக்கிய கை பாதியில் நின்றது. அந்தப் படத்தை மறைக்க அவளுக்கு மனம் வரவில்லை. இத்தனை வருஷம் காத்திருந்து வந்த படம், அதைப் பொத்துவானேன் என்று கையை மடியில் போட்டுக்கொண்டு இன்னும் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆசிரியர் படித்தார். கத்தரி படித்தார். பிழை திருத்துகிறவர் படித்தார். ஒற்று எல்லாம் சரியாக இருந்தது. எல்லோருமே படத்தைப் பார்த்துக்கொண்டுதான் படித்தார்கள். பக்கம் அச்சுக்குப் போனது.

மறுநாள் காலையில் முதல் போன் நாத்தனாரிடமிருந்து வந்தது. அவள் ஏழாம்பக்கத்தின் தங்கை. அவளைப் பற்றி ஒரு பழைய கதையைச் சொல்லியாக வேண்டும். அவள் மகள் கல்யாணப் படத்தை, ஊழியர் வீட்டு விசேஷம் என்று, பத்திரிகையில் சின்னதாகப் போட்டார்கள். ஏழாம் பக்கத்தில்தான். குறிப்பு எழுதியது இடவலம். "இடமிருந்து வலம்: மணமகனின் பெற்றோர், மணமகன், மணமகள், மணமகளின் தாயார் மற்றும் பலர்." மணமகளின் தகப்பனார் ஒரு பூச்சாடிக்குப் பின்னால் பாதி முகமாக நின்றிருந்தார். எஞ்சியது அவர் ஒருவர்தான். அவர்தான் பலர்.

"ஒத்த ஆளு எப்படி அண்ணி பலர் ஆவாரு?" என்று கேட்டாள் நாத்தனார். கேள்வியில் நியாயம் இருந்தது. அன்றிலிருந்து அண்ணன் வீட்டுக்கு வருவாள், உட்காருவாள், உலகக் கதை எல்லாம் பேசுவாள், ஆனால் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டாள். கைப்பையில் சொந்தத் தண்ணீர் பாட்டில் கொண்டுவருவாள். கோபமாக இருக்கிறவர்கள் வராமல் இருப்பார்கள். இவள் வந்து கோபமாக இருப்பாள்.

அப்படிப்பட்டவள் போனில் குரல் தழுதழுக்கப் பேசினாள். "அண்ணி, அண்ணன் படம் முதல் பக்கத்துல. பாத்ததும் கண்ணு நிறைஞ்சுபோச்சு. பக்கத்து வீட்டுக்கெல்லாம் காட்டிட்டேன். ஆனா ஒண்ணு கேக்கணும்."

"கேளு."

"ஒப்பந்தம் நேத்துதானே போட்டாங்க? அதுக்குள்ள ஏன் கை கழுவிட்டாங்க?"

இடவலம் மேசை மேல் கிடந்த பத்திரிகையை இழுத்து, படத்தின் மேல் உள்ளங்கையை வைத்துப் படித்தாள். ஒப்பந்தம் முடிந்த கையோடு கை கழுவிய தலைவர்கள். கடன் வாங்கித் திருப்பிக் கொடுக்காத சிநேகிதனைக் கை கழுவுகிறோம், தேறாத காரியத்தைக் கை கழுவுகிறோம். பேச்சுப் பழகுகிற குழந்தைக்குக்கூடத் தெரிந்த அர்த்தம். அச்சுப் போட்ட மாதிரி என்பார்களே, அச்சே போட்டாகிவிட்டது.

அவள் அலுவலகம் போய்ச் சேர்வதற்குள் விஷயம் ஊர் சுற்றிவிட்டது. ஒப்பந்தத்தை எதிர்க்கிற கட்சிக்காரர் ஒருவர் நாடாளுமன்றத்திலேயே பத்திரிகையை விரித்துக் காட்டி, "நாங்கள் சொன்னோம், கேட்டீர்களா? மை காய்வதற்குள் கை கழுவிவிட்டார்கள்" என்று முழங்கியிருந்தார். ஒரு தொலைக்காட்சியில் ஆறு பேர் உட்கார்ந்து, முதலில் கழுவியது யார் என்று விவாதித்துக்கொண்டிருந்தார்கள். அண்டை நாட்டுத் தூதரகத்தில் நம் மொழி படித்த அதிகாரி ஒருவர் மிகுந்த மரியாதையோடு போன் செய்து, "இது தங்கள் பத்திரிகையின் கருத்தா, தங்கள் அரசாங்கத்தின் கருத்தா?" என்று கேட்டிருந்தார். மரியாதை அதிகமாக இருந்ததால்தான் ஆசிரியருக்குப் பயம் அதிகமானது.

"உக்காரு" என்றார் ஆசிரியர். திட்டவில்லை. "படிச்ச எனக்கும்தான் புரியல. முதலாளி பேசிட்டார். இதைப் போடச் சொல்றார்."

தாளில் ஒரே வரி இருந்தது. நேற்று முதல் பக்கத்தில் வெளியான புகைப்படத்துக்கு வருந்துகிறோம்.

"படத்துக்கா?"

"படத்தையும் எடுத்துடச் சொல்லிட்டார். இணையத்துல, நம்ம களஞ்சியத்துல, எங்கயும் இருக்கக் கூடாதாம்."

"படம் என்ன சார் பண்ணுச்சு? பண்ணினது நான்."

"தெரியும்மா. ஆனா குறிப்பு தப்புன்னு விளக்கப் போனா, கழுவல, கழுவலன்னு நாமளே இன்னொரு தடவை சொன்ன மாதிரி ஆகும். சிரிக்கிறவன் உக்காந்து சிரிப்பான். படத்துக்கு வருந்தறோம்னு சொல்லிட்டா ஒரே நாள்ல முடிஞ்சுபோகும்."

இடவலம் தன்னை ஒரு மாசம் வீட்டில் உட்காரச் சொல்லியிருந்தாலும் வாங்கிக்கொண்டிருப்பாள். பேசத் தெரியாத ஒன்றின் தலையில் தன் பேச்சின் பழியைத் தூக்கி வைப்பது அவளுக்குப் பொறுக்கவில்லை.

"அவருக்கு ஆயுசுக்கும் ஒரே படம் சார்."

ஆசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்துவிட்டு, "சாயங்காலம் பக்கம் போறதுக்குள்ள ஒரு வரி கொண்டுவா. சிரிப்பும் அடங்கணும், படமும் நிக்கணும். முதலாளிகிட்ட நான் பேசிப் பாக்கறேன். வரி வரலைன்னா அவர் சொன்னதுதான்" என்றார்.

அவள் எழுதி எழுதி அடித்தாள். கைகளைச் சுத்தம் செய்துகொண்ட தலைவர்கள்: அப்படியானால் இதுவரை கை சுத்தமில்லையா என்று கேட்பார்கள், தேர்தல் வேறு வருகிறது. தண்ணீர் காட்டிய தலைவர்: ஏமாற்றிவிட்டார் என்று ஆகும். தண்ணீர் தெளித்த தலைவர்: தண்ணீர் தெளித்து விட்டாகிவிட்டது என்றால் கை கழுவியதற்கு அண்ணன் அது. கை அலம்பினார் என்று எழுதினால் வார்த்தையைத்தான் மாற்றினார்கள், சங்கதி அதேதான் என்பார்கள். தமிழில் கையும் தண்ணீரும் ஒன்று சேர்ந்தால் யாராவது ஒருவர் நட்டாற்றில் விடப்படுகிறார். இப்படி ஒரு பாஷையைப் பேசிக்கொண்டு இத்தனை காலம் எப்படித்தான் ஒற்றுமையாக இருந்தோமோ என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

மத்தியானம் வீட்டுக்கு ஓடினாள். ஏழாம்பக்கம் எல்லையோர ஊரிலிருந்து வருகிற நேரம். அவர் காதில் வேறு யாரும் போடுவதற்குள் தானே சொல்லிவிட வேண்டும் என்று நினைத்தாள்.

அவர் ஏற்கெனவே வந்து உட்கார்ந்திருந்தார். எதிரே நாத்தனார், மடியில் தண்ணீர் பாட்டிலோடு. நாற்காலிக்கு அடியில் சேறு காய்ந்த புது ஷூ. மேசை மேல் ஒரு கட்டுப் பத்திரிகை. பேருந்து நிலையத்தில் கடையோடு வாங்கிவிட்டார் போலிருக்கிறது.

"கேள்விப்பட்டேன்" என்றார் அவர். "பஸ்ல ஒருத்தர் சத்தமா படிச்சுக் காட்டினார். நானும் சேர்ந்து சிரிச்சுட்டேன். அப்புறம்தான் என் படம்னு ஞாபகம் வந்துச்சு."

"படத்தை எடுத்துடப் போறாங்கங்க. படத்துக்கு வருந்தறோம்னு போடப் போறாங்க. நான்தான் கெடுத்தேன்."

அவர் பத்திரிகைக் கட்டை நேராக அடுக்கி வைத்தார். பிறகு, "போகட்டும். ஒரு நாள் இருந்தோமில்ல. ஏழாம் பக்கம் நமக்குப் பழகின வீடுதானே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் அந்தக் கட்டின் உச்சியில் இருந்த பத்திரிகையை அவள் பார்த்தாள். படம் மட்டும் மேலே தெரிகிற மாதிரி, குறிப்பு உள்ளே போகிற மாதிரி, நகத்தால் கீறிப் படிய மடித்திருந்தார். அவர் ஒரு வார்த்தை திட்டியிருந்தால் அவளுக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அழுகையை மறைக்கச் சமையலறைக்குப் போனாள். போனவள் வெறுங்கையோடு திரும்ப வேண்டாம் என்று தட்டுகளை எடுத்துவந்து வைத்தாள். பழக்கதோஷத்தில் நாத்தனாருக்கும் ஒரு தட்டு.

நாத்தனார் தட்டைத் திருப்பித் தள்ளினாள். "எனக்கு எதுக்கு அண்ணி? அண்ணனைப் பாக்கத்தான் வந்தேன். இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்னு உங்களுக்குத் தெரியாதா?"

இடவலம் கரண்டியோடு நின்றுவிட்டாள்.

"இப்ப என்ன சொன்னே?"

"தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கும் ரோஷம்னு ஒண்ணு..."

"ரோஷம் இருக்கட்டும். அந்த வார்த்தையை இன்னொரு தடவை சொல்லு."

"கை நனைக்க மாட்டேன்" என்றாள் நாத்தனார், இந்தத் தடவை கொஞ்சம் பயத்தோடு. "அண்ணே, அண்ணிக்கு என்ன ஆச்சு?"

பகை உள்ள வீட்டில் கை நனைக்க மாட்டோம். மனம் ஒத்துப்போனால் நனைப்போம். ஒரு வீட்டில் கை நனைத்துவிட்டால் அந்த வீட்டோடு சண்டை தீர்ந்தது என்று அர்த்தம். கையும் தண்ணீரும் சேர்ந்து நல்லது சொல்கிற ஒரே வார்த்தை, இத்தனை நாளும் தண்ணீர் பாட்டிலோடு தன் வீட்டுக் கூடத்துக்கே வந்து போய்க்கொண்டிருந்திருக்கிறது. இடவலம் கரண்டியை நாத்தனார் கையில் திணித்தாள்.

"நீ சாப்பிடு, சாப்பிடாம இரு, உன் அண்ணனுக்குப் பரிமாறு. நான் வந்துடறேன்."

"செருப்பையாவது மாத்திப் போடாம போ" என்று அவர் பின்னாலிருந்து சொன்னது தெருவுக்கு வந்த பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. இடது காலில் அவருடைய செருப்பு இருந்தது.

அலுவலகத்தில் உட்கார்ந்து ஒரே மூச்சில் எழுதினாள். படத்தைத் திரையில் திறந்து, உள்ளங்கையால் இறுக்க மூடி, படித்துப் பார்த்தாள். பிறகு ஆசிரியரிடம் கொடுத்தாள்.

"நம் வீட்டுத் தண்ணீரில் கை நனைத்த அண்டை வீட்டார்" என்று வாசித்த ஆசிரியர், முகம் மலர்ந்து, உடனே சுருங்கினார். "வார்த்தை அம்சமா இருக்கு. ஆனா நம் வீட்டுத் தண்ணீர்னா என்ன அர்த்தம்? நதி நம்மளதுன்னு ஆயிடாதா? தூதரகத்துக்காரர் இன்னும் மரியாதையா பேச ஆரம்பிச்சுடுவார்."

இடவலம் நெற்றியில் அடித்துக்கொண்டாள். பேனாவை வாங்கி இரண்டு சொல்லை அடித்து ஒரு சொல்லைப் போட்டாள். ஆசிரியர் முதலாளிக்குப் போன் போட்டு மேசை மேல் வைத்து உரக்கப் படித்தார்.

"ஒரே தண்ணீரில் கை நனைத்த அண்டை வீட்டார். நேற்றும் படம் இதைத்தான் சொன்னது. தவறிப் பேசியது படக்குறிப்பு. குறிப்புக்கு வருந்துகிறோம்."

போனில் கேட்கிறவர் முன்னால் படம் கிடையாது. அதைவிட நல்ல உள்ளங்கை எங்கே கிடைக்கும்? இடவலம் முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"யார் எழுதினது?" என்றார் முதலாளி.

"நேத்து எழுதினவங்கதான்."

"அப்படியா. சரி, படத்தை எடுக்க வேண்டாம். மறுபடி போடுங்க. நேத்து இருந்த இடத்துலயே." கொஞ்சம் நிறுத்தி, "எங்க அக்கா வீட்டுல நான் கை நனைச்சு வருஷக்கணக்காச்சு" என்றார், யாரிடம் என்றில்லாமல். போன் வைக்கப்பட்டது.

மறுநாள் காலையில் தூதரகத்து அதிகாரி மறுபடியும் கூப்பிட்டாராம். இந்தத் தடவை மரியாதை குறைந்து, சிரித்துப் பேசினார் என்று ஆசிரியர் போனில் சொன்னார். மன்றத்துக்காரர் வேறு விஷயத்துக்குப் போய்விட்டார். அந்த ஆறு பேரும் வேறு எதற்கோ உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு உட்காரத்தானே வேண்டும்.

இடவலத்தின் வீட்டு வாசலில் நாத்தனார் நின்றாள். கையில் பாட்டில் இல்லை. பின்னால் அவள் வீட்டுக்காரர்.

"பேப்பர்லயே போட்டுட்டீங்க அண்ணி. நாட்டுக்கு நாடு நனைச்சாச்சு. இனிமே நான் மட்டும் பாட்டிலைத் தூக்கிட்டு அலைஞ்சா என்னைத்தான் சிரிப்பாங்க" என்றாள்.

அவள் வீட்டுக்காரர் வருஷத்துக்கு நாலு வார்த்தை பேசுகிறவர். செருப்பைக் கழற்றிக்கொண்டே, "மற்றும் பலர் வந்திருக்கேன்" என்றார். இடவலம் சிரித்த சிரிப்பில் அவளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவருக்குத்தான் முதல் தட்டு வைத்தாள். இடமிருந்து வலமாகப் பரிமாறினாள்.

ஏழாம்பக்கம் மட்டும் மேசைக்கு வரவில்லை. ஜன்னலோரம் பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இன்றைக்கு அதில் மடிப்பு இல்லை. அவள் போய்ப் பக்கத்தில் நின்றாள். அவர் தன் படத்தின் மேல் தன் உள்ளங்கையையே வைத்து மறைத்தார். கீழே இருந்த வரியை மட்டும் உதடு அசையப் படித்தார். கையை எடுக்காமல் இன்னொரு தடவை படித்தார்.

"படம் இல்லாமலே தெரியுது" என்றார்.

இருபத்தைந்து வருஷமாகக் கேமரா பிடிக்கிறவர் சொன்ன வார்த்தை அது. அவள் அவர் கையைப் பிடித்து மெல்ல அந்தப் பக்கம் நகர்த்தினாள்.

"கையை எடுங்க" என்றாள். "நான் படத்தைப் பாக்கணும்."